செம்பனைக் காட்டுக்குள் எத்தனை கோடு?

மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்து, பேராக் மாநிலத்துச் சுங்காய் டோலில் இறங்கும்போது கைத்தொலைபேசியில் கோடுகள் நிறைந்திருக்கும். பட்டணத்துக்குள்ளும் ரயில் நிலையத்தைச் சுற்றியும் குறை சொல்ல முடியாது. பிறகு தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பிச் செம்பனை நிழலுக்குள் மூன்று, நான்கு கிலோமீட்டர் போனால் ஐந்து கோடு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். லயத்துப் பக்கம் போய்ச் சேரும்போது "லைன் இல்ல" என்பதே பேச்சு. எங்கே நின்றால் கிடைக்கும் என்பது அங்கிருப்பவர்களுக்கு மனப்பாடம்: கோயில் திடல், தண்ணீர்த் தொட்டி மேடு, பழைய பால் கொட்டகைக்குப் பின்னால் ஓர் ஓரம். என் பெரியம்மா வீட்டில் கைத்தொலைபேசிக்கு நிரந்தர இடம் ஜன்னல் கம்பிதான். பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொங்கவிட்டு, அதிலிருந்து வீட்டுக்குள் ஹாட்ஸ்பாட் எடுப்பார்கள். 2020, 2021இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது மூன்று பிள்ளைகளின் பாடம் அந்தப் பை வழியாகத்தான் வந்தது. அதே 2020இல் சபாவில் ஒரு மாணவி இணையத்துக்காக மரத்தில் ஏறி இரவைக் கழித்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் வியப்பு எதுவும் இருக்கவில்லை.

நாளைய கைத்தொலைபேசிக்கான வானொலி அணுகு வலையமைப்பு ஆய்வுக்கு உலகம் பெரும்பணம் செலவிடுகிறது. அந்த ஆய்வு இந்த ஜன்னல் கம்பிக்கு இதுவரை என்ன செய்திருக்கிறது, இனி என்ன செய்யும் என்று பார்ப்பதே இக்கட்டுரை.

அணுகு வலையமைப்பு என்றால் என்ன? கைத்தொலைபேசிக்கும் அலைக்கோபுரத்துக்கும் இடையில் காற்றில் நடக்கும் பேச்சும், அதை நடத்தும் கருவிகளும்தான். கோபுர உச்சியில் ஆண்டென்னா, அதையொட்டி அலையை உண்டாக்கும் வானொலிப் பெட்டி, கீழே கணக்குப் போடும் அடிப்பட்டைக் கருவி. அங்கிருந்து தரவு கண்ணாடி இழையிலோ மைக்ரோவேவ் தட்டு வழியாகவோ மையத்துக்குப் போகும். மையத்தில் நடப்பது கணினி வேலை, எந்த ஊரில் வைத்தாலும் ஒன்றுதான். காற்றில் நடப்பது மட்டும் ஊருக்கு ஊர், மரத்துக்கு மரம் வேறு. மொபைல் நிறுவனங்களின் மின்கட்டணத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை விழுங்குவதும் இந்தக் காற்றுப் பகுதிதான்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். அலையின் அதிர்வெண் ஏற ஏற அது சோர்ந்துபோகும். ஒரே அளவு ஆண்டென்னா ஆதாயம் என்று வைத்துக்கொண்டால், 700 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை வெட்டவெளியிலேயே 14 டெசிபல் கூடுதலாக இழக்கிறது. அதாவது வந்து சேரும் ஆற்றல் 25இல் ஒரு பங்கு. இது மரமே இல்லாத இடத்துக் கணக்கு. மரங்களுக்கு 1982இல் வெளிவந்த வெய்ஸ்பெர்கர் சூத்திரம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அதில் 100 மீட்டர் அடர்மரத்தைப் போட்டுப் பார்த்தேன்: 700 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 18 டெசிபல் இழப்பு, 3.5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 28. இரண்டு இழப்பையும் கூட்டினால், ஒரே கோபுரத்திலிருந்து வரும் 5ஜியின் முக்கிய அலை, கீழ்ப்பட்டை அலையைவிட 280 மடங்கு மெலிந்து வந்து சேருகிறது. அந்தச் சூத்திரமோ மிதவெப்ப நாட்டு மரங்களுக்கும் நனையாத இலைகளுக்கும் எழுதப்பட்டது. மாலை நான்கு மணி மழையில் சொட்டச் சொட்ட நிற்கும் செம்பனை மட்டை அதன் கணக்கில் வரவில்லை.

கித்தா (ரப்பர்) மரமும் செம்பனையும் அலைக்கு ஒன்றல்ல. கித்தாத் தோட்டத்தில் அடிமரங்கள் வரிசையாக நிற்கும், கிளையெல்லாம் உயரத்தில். ஆள் உயரத்தில் வெளி இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலை மொத்தமாக உதிரும். பால் குறையும் அந்த மாதங்களில் கோபுரத்தின் அலைக்கு வழி திறக்கிறது. தாவர இழப்புக்கான ஐடியு (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையே இலையுள்ள மரத்தையும் இலையற்ற மரத்தையும் தனித்தனியாக நடத்துகிறது. செம்பனைக்கு இலையுதிர்காலம் கிடையாது. ஹெக்டருக்கு 136 முதல் 148 கன்று, ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண வரிசை. நட்ட புதிதில் மட்டை ஆள் உயரம்கூட இருக்காது. ஏழெட்டு ஆண்டில் மட்டைகள் கைகோத்துக் கூரை மூடிவிடும். இருபத்தைந்து ஆண்டில் வெட்டி மறுநடவு. ஆகவே ஒரு தோட்டத்தில் 'இங்கே அலை கிடைக்கிறது' என்று அளந்து எழுதி வைத்தால் அந்தச் சான்றுக்கு ஆயுள் உண்டு. மறுநடவு ஆண்டில் அளந்தவன் சொன்னது பத்தாவது ஆண்டில் பொய்யாகும், அவன் பொய் சொல்லாமலேயே. அலை வரைபடத்தில் மரத்தின் வயதைக் குறிப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோபுரம் பலமான குரல்காரன், கைத்தொலைபேசி சன்னமான குரல்காரன். கோபுரம் ஓர் அலைவரிசையில் 40 வாட் வரை எளிதாகக் கொட்டும். கைத்தொலைபேசியின் வழக்கமான உச்சம் 0.2 வாட். இருநூறு மடங்கு வித்தியாசம். எனவே எல்லை எங்கே என்பதைத் தீர்மானிப்பது கோபுரமல்ல, நம் கையிலிருக்கும் கருவி. கோபுரம் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அதற்குக் கேட்காது. கோடு இரண்டு காட்டியும் வாட்ஸ்அப் குரல் செய்தி சுற்றிக்கொண்டே நிற்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். 3.5 கிகாஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அனுப்பலும் பெறலும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன, அனுப்பலுக்குக் கிடைப்பது சிறு பங்கு.

மலேசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1985இல் வந்த அத்தூர். அது 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. காரில் பூட்டுகிற கனமான கருவி, பெரும்பாலும் முதலாளிமார் கையில். ஆனால் அலையின் எட்டும் தூரத்தில் அதன் பக்கத்தில் நிற்கப் பின்னால் வந்தவற்றால் முடியவில்லை. பிறகு 900, 1800, 2100 என்று அதிர்வெண் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு தலைமுறையும் அதிகத் தரவைக் கொடுத்தது, குறைந்த தூரம் போனது. இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2019 அக்டோபர் இறுதியோடு பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நாடு முழுக்க நிறுத்தப்பட, லயத்துக் கூரைகளில் மீன்முள் ஆண்டென்னா பிடித்துக்கொண்டிருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைத்தொலைபேசிக்கு விடுபட்டது. தோட்டத்து மக்களுக்கு 5ஜியில் ஏதாவது பயன் உண்டென்றால் அது இந்தப் பட்டையில்தான். விளம்பரத்தில் காட்டும் வேகமெல்லாம் மேலே உள்ள பட்டைகளின் சமாச்சாரம்.

ஆய்வுலகம் இந்த நாற்பது ஆண்டில் எதைத் துரத்தியது? பெரும்பகுதி ஒரே ஒரு கேள்வியை: நெருக்கமான இடத்தில் அதிகமானவர்களுக்கு அதிகத் தரவு எப்படிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த மிகப் பெரிய விடை ஒரு தமிழர் கொடுத்தது. பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படையில் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் செய்தவர். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து, ஒரே அலைவரிசையில் பல ஆண்டென்னாக்களால் பல தரவு ஓடைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் மைமோ யோசனைக்கு 1992இல் விண்ணப்பித்து 1994இல் காப்புரிமை பெற்றார். அலை சுவரிலும் கட்டடத்திலும் மோதிச் சிதறுவதை அதுவரை எல்லோரும் தொல்லை என்றார்கள். அவர் அந்தச் சிதறலையே வழிகளாக்கினார். 4ஜி, 5ஜி, வீட்டு வைஃபை எல்லாம் இன்று அதன்மேல்தான் நிற்கின்றன. 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார். 2010இல் தாமஸ் மார்செட்டா என்ற ஆய்வாளர் கோபுரத்தில் நூற்றுக்கணக்கில் ஆண்டென்னா வைக்கலாம் என்று எழுதியதும், இன்று கோபுரங்களில் தெரியும் 64 கூறுள்ள தட்டைப் பெட்டிகளும் அந்த வழியில் வந்தவையே.

தோட்டத்தில் மைமோ என்ன செய்யும்? சிதறலுக்குச் செம்பனையில் குறைவில்லை. ஆனால் பல ஓடைகளாகப் பிரிக்க முதலில் ஆற்றல் வேண்டும். வந்து சேர்வதே ஒரு சொட்டு என்றால் அதை எட்டாகப் பிரித்து என்ன காண்பது? மெலிந்த இடத்தில் பல ஆண்டென்னாவுக்கு வேறு வேலை: எல்லாம் சேர்ந்து ஒரே கற்றையாகக் குவித்துத் தள்ளுவது, நம் சன்னக் குரலைப் பல காதால் கேட்பது. அது உதவிதான், அதில் சந்தேகமில்லை. மேலே சொன்ன 280 மடங்கில் ஒரு பகுதியை இந்தப் பெட்டிகள் மீட்டுத் தரும். ஆனால் ஆய்வேடுகளின் வரைபடங்களில் உச்சிக்கு ஏறும் அந்த வளைகோடு பட்டணத்துக்கு உரியது.

மையப்படுத்தல் ஆய்வின் கதையும் இதேதான். 2010 வாக்கில் சைனா மொபைல் ஒரு யோசனையை உரக்கச் சொன்னது: ஒவ்வொரு கோபுரத்தடியிலும் கணக்குக் கருவி எதற்கு? எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துவிட்டு, கோபுரத்தில் வானொலிப் பெட்டியை மட்டும் வைப்போம். இடவாடகை மிச்சம், மின்சாரம் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கச்சா அலையை அப்படியே இழையில் அனுப்ப வேண்டும். இரண்டு ஆண்டென்னா உள்ள சாதாரண 4ஜி கோபுரம் பயனருக்குத் தருவது நொடிக்கு அதிகபட்சம் 150 மெகாபிட், அதைச் சுமந்து வர இழையில் கேட்பது 2.5 கிகாபிட். தாமதமும் இடிக்கும். இழையில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி எடுக்கும், இந்த ஏற்பாடு தாங்குவது 100 மைக்ரோநொடி அளவு. ஆக 20 கிலோமீட்டர்தான் எல்லை. சுங்காய்க் கோபுரத்துக்குப் பீடோரில் மூளை வைக்கலாம், ஈப்போவில் வைக்க முடியாது. தோட்டத்துக் கோபுரத்துக்கோ பல இடங்களில் இழையே கிடையாது, மைக்ரோவேவ் தட்டுதான். அதன் எதிரி நம் மழை. ஐடியுவின் பழைய மழை வகைப்பாட்டில் நாம் இருக்கும், மிகக் கனமான 'பி' (P) மண்டலத்தில், ஆண்டின் 0.01 விழுக்காட்டு நேரம் மணிக்கு 145 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். ஜோகூரில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கம்பியில்லாத் தொடர்பு மையம் ஆண்டுக்கணக்காக மழையை அளந்து எழுதியிருப்பவை, என் பார்வையில் இத்துறையில் இந்நாடு உலகுக்குக் கொடுத்த நல்ல பங்களிப்பு.

2018இல் பெரிய நிறுவனங்கள் கூடி ஓ-ரான் கூட்டணி தொடங்கின. வானொலிப் பெட்டி ஒருவரிடம், கணக்குக் கருவி இன்னொருவரிடம், கட்டுப்படுத்தும் மென்பொருள் மூன்றாமவரிடம் வாங்கிப் பூட்டலாம், இணைப்புகள் திறந்தவையாக இருக்கட்டும் என்பது நோக்கம். ஜப்பானில் ராகுத்தேன் 2020இல் அப்படி ஒரு நாட்டளவு வலையமைப்பையே தொடங்கிக் காட்டியது. 2023 இறுதியில் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி, திறந்த வலையமைப்புக்கென்று அறிவித்த 14 பில்லியன் டாலர் அளவிலான ஒப்பந்தம் எரிக்சன் என்ற ஒரே பெரிய நிறுவனத்துக்குப் போனது. திறந்த கதவு வழியாகப் பழைய விருந்தாளியே வந்து உட்கார்ந்தார். விலை குறையுமானால் நமக்கும் நல்லதே. அதற்குமேல் இதில் சுங்காய்க்குச் செய்தி இல்லை.

நமக்குச் செய்தி உள்ள ஆய்வு, அளவுகோலையே மாற்றிய ஆய்வு. அதன் தொடக்கத்தை மதுரைப் பக்கம் காணலாம். 1990களின் பிற்பகுதியில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி குழுவினர் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். கூரையில் ஆண்டென்னா வைத்து நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர், இடையில் ஒரு கைமாற்று நிலையம் வைத்தால் 25. நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இணையம். 2001 முதல் மதுரையை அடுத்த மேலூர் வட்டாரக் கிராமங்களில் என்-லாக் நிறுவனத்தின் கிராமக் கணினி நிலையங்கள் அதன்மேல் ஓடின. ஆனால் நிலைக்கவில்லை. கைத்தொலைபேசியின் விலை சரிந்து பைக்குள் வந்ததும், கூரை ஆண்டென்னாவைத் தேடி யார் போவார்கள்? இருந்தும் 'குறைந்த செலவில் எவ்வளவு தூரம்' என்ற கேள்வியைக் கருவியாகச் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

அதே கேள்வி 2017இல் ஐடியுவுக்குள் போனது. 5ஜி என்று எதை ஏற்கலாம் என்று சோதிக்க ஐடியு சில மாதிரிச் சூழல்களை வகுத்தது. கிராமத்துக்கு வைத்திருந்த மாதிரியில் கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே 1,732 மீட்டர். இந்தியத் தரப்பு கேட்டது: எந்த நாட்டுக் கிராமம் இது? எங்கள் ஊராட்சித் தலைமை ஊருக்கு இழை வருகிறது, சுற்றியுள்ள குக்கிராமங்கள் இரண்டு, மூன்று கிலோமீட்டரில் இருக்கின்றன, நடுவில் இன்னொரு கோபுரம் போட யாரும் காசு தரமாட்டார்கள். மக்கள் வேகமாகப் போவதும் இல்லை, நடந்துதான் போகிறார்கள். இந்த வாதம் ஏற்கப்பட்டு, 700 மெகாஹெர்ட்ஸில் கோபுர இடைவெளி 6,000 மீட்டர் என்ற புதிய சூழல் தேர்வுத்தாளில் சேர்ந்தது. 'தாழ்வேகப் பெருவட்டம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

தேர்வு மாறியதும் விடையும் மாறியது. ஐஐடி ஹைதராபாத், ஐஐடி சென்னை ஆய்வாளர்கள் கைத்தொலைபேசியின் சன்னக் குரலில் கைவைத்தார்கள். அலையின் வடிவம் மேடுபள்ளமாக இருந்தால் பெருக்கி உச்சத்தில் ஓட முடியாது, மேட்டுக்குப் பயந்து அடக்கி வாசிக்க வேண்டும். வடிவத்தைச் சமமாக்கினால் அதே பெருக்கி இரு மடங்கு ஆற்றலில், 0.2க்குப் பதில் 0.4 வாட்டில் பேசலாம். 5ஜிஐ என்ற பெயரில் இந்தியா வைத்த இந்த முறையை 2020இல் ஐடியு ஏற்றது. தனி நியமமாகச் செய்தால் கருவிகள் விலையேறும் என்று இந்தியாவுக்குள்ளேயே நிறுவனங்கள் எதிர்த்தன. 2021 டிசம்பரில் அது, உலகப் பொது நியமத்தை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் நியமத்தோடு கலப்பதென்று முடிவானது. தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனிப் பெயர் போனாலும், 6,000 மீட்டர் என்ற எண் உலகத் தேர்வுத்தாளில் இடம் பிடித்ததே பெரிய காரியம்.

மலேசியா என்ன அளவுகோல் வைத்தது? 2020இல் அறிவித்த ஜெண்டெலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி எட்டும் அளவை 91.8 விழுக்காட்டிலிருந்து 2022 இறுதிக்குள் 96.9க்கு உயர்த்த இலக்கு வைத்தது. 2021 டிசம்பர் 31உடன் 3ஜி நிறுத்தப்பட்டு அதன் அலைகள் 4ஜிக்குத் திருப்பப்பட்டன. அதே மாதம் டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட், எரிக்சன் கருவிகளோடு 5ஜியைத் தொடங்கியது. நாட்டுக்கு ஒரே அணுகு வலையமைப்பு, எல்லா நிறுவனங்களும் அதில் வாடகைக்கு என்ற ஏற்பாடு. ஒரே இடத்தில் நான்கு நிறுவனம் நான்கு கோபுரம் நட்டு, அடுத்த ஊரில் ஒருவரும் நடாத கூத்துக்கு இது நல்ல மருந்து என்றே நினைத்தேன். 2023 இறுதியில் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டை 5ஜி எட்டிவிட்டது. பிறகு கொள்கை மாறி, 2024 நவம்பரில் இரண்டாவது வலையமைப்பு யூ மொபைலுக்குக் கொடுக்கப்பட்டது.

இந்த விழுக்காடுகளில் 'மக்கள் வாழும் பகுதி' என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். அது வீடுள்ள இடத்தை எண்ணுகிறது. லயம் அதற்குள் வரலாம். ஆனால் தோட்டத்து ஆள் பகலில் இருப்பது லயத்திலா? குலை வெட்டுபவர் காலை ஏழு மணிக்கு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறார். கொக்கி வாள் தோளில் இறங்கினாலும், பாம்பு கடித்தாலும் அங்கிருந்துதான் கூப்பிட வேண்டும். இன்று அந்த வேலையில் நம் ஆட்களைவிட வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் அதிகம். அவர்கள் குரல் எந்தக் கணக்கெடுப்பிலும் கேட்பதில்லை. கிழக்கே பெசௌட், துரோலாக் ஃபெல்டா நிலங்களுக்கு அப்பால் மலைத்தொடர் ஏறுகிறது. அங்கெல்லாம் 'மக்கள் வாழாத' இடத்தில் பகல் முழுக்க மக்கள் இருக்கிறார்கள்.

இதற்கு விடை வானத்திலிருந்து வரும் என்று சொல்பவர்கள் உண்டு. 2022இல் முடிந்த 3ஜிபிபியின் 17ஆம் பதிப்பு செயற்கைக்கோளையும் அணுகு வலையமைப்பின் அங்கமாக்கியது. ஸ்டார்லிங்க் 2023இல் மலேசிய உரிமம் பெற்றது. வெட்டவெளியில் தட்டு வைக்க முடிந்த இடத்துக்கு அது நல்ல வழி. கையில் உள்ள சாதாரணத் தொலைபேசியோடு செயற்கைக்கோள் நேராகப் பேசும் முறை வேறு. அது குறுஞ்செய்திக்கும் அவசர அழைப்புக்கும் உதவும், ஆனால் மூடிய மட்டைக் கூரைக்கு அடியிலிருந்து வானம் தெரிய வேண்டுமே. பலூனில் கோபுரம் தொங்கவிட்ட கூகுளின் தாய் நிறுவனம் 2021இல் அந்தக் கடையைக் கட்டிவிட்டது.

6ஜியின் தேர்வுத்தாள் எழுதப்படும் காலம் இது. 2023 நவம்பரில் ஐடியு ஏற்ற சட்டகத்தில் ஆறு பயன்பாட்டுச் சூழல்கள். அவற்றில் ஒன்று 'எங்கும் இணைப்பு', இந்தியா விடாமல் வலியுறுத்தி வந்தது. மறுபுறம் 2027 உலக வானொலி மாநாட்டுக்கு ஆய்விலுள்ள பட்டைகள் 4.4 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 7, 8, 15 என்று மேலே போகின்றன. 7 கிகாஹெர்ட்ஸ் அலை 700 மெகாஹெர்ட்ஸைவிட வெட்டவெளியிலேயே நூறு மடங்கு மெலியும்.

இந்தத் தேர்வுகளில் கிராமத்தைக் குறிக்கும் கணித மாதிரியைப் பிரித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். கோபுர உயரம் 35 மீட்டர், கையிலுள்ள கருவி 1.5 மீட்டரில், சராசரிக் கட்டட உயரம் 5 மீட்டர், சராசரித் தெரு அகலம் 20 மீட்டர். மரத்துக்கென்று ஓர் எண் கிடையாது. உயர் அதிர்வெண்ணில் இந்த மாதிரி அளந்து சரிபார்க்கப்படவே இல்லை என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ராப்பபோர்ட் குழு குறை சொன்னது. சொன்னதோடு நிற்காமல் வர்ஜீனியாவின் ரைனர் கிராமத்தில் 73 கிகாஹெர்ட்ஸில் ஒரு வாட்டுக்கும் குறைந்த ஆற்றலோடு 10.8 கிலோமீட்டர் தூரம் வரை அளந்து, திருத்திய மாதிரியை 2017இல் வெளியிட்டது. ஒரு சிறு குழு, ஒரு வண்டி, சில நாள் வேலை.

இங்கும் அதைச் செய்யலாம். 700 மெகாஹெர்ட்ஸ், 3.5, 7 கிகாஹெர்ட்ஸ் மூன்றிலும் அலை அனுப்ப ஒரு கம்பம். பெறுவதற்கு ஒரு வண்டி. கித்தா நிற்கும் ஒரு தோட்டத்தில் பிப்ரவரியில் ஒருமுறை, இலை தழைத்த பிறகு ஒருமுறை. செம்பனையில் மூன்று, எட்டு, இருபது வயதுள்ள மூன்று நிலங்கள், வெயிலில் ஒருமுறை, மழை விட்ட உடனே ஒருமுறை. சுங்காயைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இந்த நிலங்கள் எல்லாம் கிடைக்கும். தோட்டத்து நிர்வாகியிடம் அனுமதிக் கடிதம் ஒன்றும், அலை அனுப்பத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதியும் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.